மாட்டுங்கா காப்பித்தூள் கடையின் வலைத்தளம்: காதால் கேட்டவரின் மதிப்புரை

அரை கிலோ பீபெரி, எண்பதுக்கு இருபது சிக்கரி, ஃபில்டருக்கு ஏற்ற அரைவை. அம்மா இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டுக் காப்பிக் கணக்கு இதுதான். மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கடைகளைத் தாண்டி, தெரு திரும்புகிற இடத்தில் இருக்கும் சின்னக் கடையில் முப்பது வருஷமாக வாங்குகிறோம். இந்த ஜனவரியிலிருந்து அவர்கள் வலைத்தளம் வழியாகவும் ஆர்டர் எடுக்கிறார்கள். இதுவரை பதினொரு முறை அப்படி வாங்கிவிட்டேன். அந்த வலைத்தளத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கடையின் பெயரை மட்டும் போடவில்லை. தீபாவளி முடிகிறவரை புது வாடிக்கையாளர்களைச் சமாளிக்க ஆள் இல்லை, போடாதீங்கம்மா என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். மாட்டுங்கா பக்கம் இருப்பவர்களுக்குச் சாயங்காலம் காப்பிக்கொட்டை அரைக்கிற வாசனையே இடத்தைக் காட்டிவிடும்.

எனக்குப் பார்வை இல்லை. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்கிற விழித்திரை நோய். பள்ளிக்கூட வயதில் இரவு நேரத்தில் தடுமாற ஆரம்பித்து, இருபத்தேழு வயதில் முழுதாகப் போய்விட்டது. ஃபோர்ட்டில் ஒரு வங்கியில் வேலை, வீடு சயானில். கணினியில் வருவதையெல்லாம் என்விடிஏ வாசிக்கும், நான் கேட்டு வேலை செய்வேன். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் எழுதத் தொடங்கி, ஜேம்ஸ் டேயும் சேர்ந்து வளர்த்த ஸ்க்ரீன் ரீடர் அது. இருவருக்குமே பார்வை கிடையாது. காசு வாங்காமல் உலகத்துக்கே தருகிறார்கள். வீட்டில் அதற்கு விண்டோஸோடு வரும் தமிழ்க் குரலைப் பொருத்தியிருக்கிறேன். அந்தக் குரலுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பெயர் வள்ளுவர்.

ஒரு பக்கம் திறந்ததும் வள்ளுவர் முதலில் சொல்வது அந்தப் பக்கத்தின் டைட்டிலை. பக்கத்துக்குள்ளே கொட்டை எழுத்தில் இருக்கும் தலைப்பு வேறு, இது வேறு. உலாவியின் மேல் ஓரத்தில், டேபுக்குள், இடம் போதாமல் பாதி வெட்டுப்பட்டுத் தெரியும் என்று என் தங்கை மகன் சொல்வான். பார்க்கிறவர்கள் பலர் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்புவதே இல்லை. எனக்கோ, எங்கே வந்து நிற்கிறேன் என்று முதலில் தெரிவது அதிலிருந்துதான். கொஞ்ச நேரம் கழித்து மறந்துபோனால், இன்சர்ட் விசையோடு டி அடித்தால் மறுபடியும் சொல்லும். ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதும், ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதும் காதில் விழுவது அதே டைட்டில்தான். புக்மார்க் போட்டால் அதே பெயரில்தான் சேரும். நேற்றுப் பார்த்த பக்கத்தை ஹிஸ்டரியில் தேடினாலும் அப்படியே.

தினமும் சாயங்காலம் சிஎஸ்எம்டி நிலையத்திலிருந்து ஸ்லோ லோக்கல் ரயிலில் திரும்புகிறேன். தாதர் தாண்டினால் மாட்டுங்கா, அடுத்தது எங்கள் சயான். "புடீல் ஸ்டேஷன்" என்று மராத்தியில் ஆரம்பித்து, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் வண்டிக்குள் அறிவிப்பு வரும். அதைக் கேட்டுத்தான் எழுந்து கதவுப் பக்கம் நகர்வேன். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஊர்ப் பெயரைச் சொல்லாமல், "அடுத்த நிலையம், மத்திய ரயில்வே" என்று மட்டும் அறிவித்தால் நான் எங்கே இறங்குவேன்? வலைத்தளங்கள் பலவும் எனக்கு அப்படித்தான் அறிவிக்கின்றன. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் நிறுவனத்தின் பெயர், அதோடு ஒரு விளம்பர வாசகம்.

ஜனவரியில் இந்தக் கடையின் தளமும் அப்படித்தான் இருந்தது. முதல் நாள் திறந்தேன். "ஹோம்" என்றார் வள்ளுவர். சரி, முகப்புப் பக்கம். காப்பித்தூள் பட்டியலுக்குப் போனேன். "ஹோம்." பீபெரியைத் திறந்தேன். "ஹோம்." விலை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பிளான்டேஷன் ஏ, ரொபஸ்டா கலவை, அப்புறம் கூடை, டெலிவரி விவரம் என்று ஏழு டேப் திறந்துவைத்தேன். ஏழும் ஹோம். எது பீபெரி, எது கூடை என்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றுக்குள்ளும் இறங்கி, பட்டியலையெல்லாம் தாண்டி, தலைப்பு வரும்வரை கேட்க வேண்டியிருந்தது. பார்க்கிறவர்கள் ஒரு நொடியில் செய்வதற்கு எனக்கு நாலைந்து நிமிஷம். அன்றைக்கு ஆர்டர் போடாமலே மூடிவிட்டேன்.

மறுநாள் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி, கடையில ஒவ்வொரு டப்பாவுலயும் 'டப்பா'ன்னு மட்டும் எழுதி ஒட்டியிருந்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "என்னம்மா சொல்றீங்க, வெப்சைட்டைச் சொல்றீங்களா? பாப்பாகிட்ட சொல்றேன், அவதான் செஞ்சா" என்றார். அரை மணி நேரத்தில் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். வடாலாவில் கல்லூரியில் கணினி படிக்கிறாள், கடைசி வருஷம். "ஆன்ட்டி, டைட்டில்லாம் கூகுளுக்காகத்தான்னு நெனச்சேன். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றாள். வீட்டுக்கு வா, காட்டுகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தாள். கடையின் பக்கங்கள் எட்டை எட்டு டேபில் திறக்கச் சொல்லிவிட்டு, மானிட்டரை அணைக்கச் சொன்னேன். "இப்போ கூடைக்குப் போம்மா." கண்ட்ரோல் விசையோடு டேப் விசையை அழுத்தினாள். ஹோம். மறுபடியும் அழுத்தினாள். ஹோம். ஐந்தாவது தடவை அவள் கை விசைப்பலகையிலிருந்து எடுபட்டது எனக்குக் கேட்டது. "எதுல இருக்கேன்னே தெரியல ஆன்ட்டி" என்றாள். அப்புறம் வேறொரு தளத்தை, செய்தித்தாள் ஒன்றின் தளத்தை, அவளையே திறக்கச் சொன்னேன். ஒவ்வொரு டேபிலும் அந்தந்தச் செய்தியின் தலைப்பு வந்தது. மானிட்டர் அணைந்தே இருந்தது. கேட்ட டேபுக்கு இரண்டு மூன்று அழுத்தலில் போய்விட்டாள். அதற்குமேல் நான் விளக்க ஒன்றும் இல்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன், குறிப்பு எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த இரண்டு மூன்று நாளில் அவள் செய்ததைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, யாரும் செய்யலாம். வார்ப்புருவில் டைட்டிலை ஒரே இடத்தில் கையால் எழுதிவைத்திருந்தாள், எல்லாப் பக்கமும் அதையே எடுத்துக்கொண்டது. அந்த ஒரு வரியை மாற்றி, பொருளின் பெயர், வகை, கடைப் பெயர் மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துக் கோத்தாள். முதலில் கடைப் பெயரை முன்னால் வைத்தாள். ஒவ்வொரு தாவலுக்கும் முழுக் கடைப் பெயரைக் கேட்டு முடித்த பிறகுதான் பீபெரி என்று வரும். நான் பேச்சை வேகமாகத்தான் ஓட விடுவேன். ஆனாலும் நாற்பது தடவை தாவினால் நாற்பது தடவை அதே பெயர். மாற்றச் சொன்னேன். தனியான விஷயம் முதலில், பொதுவானது கடைசியில். முதல் சொல் காதில் விழுந்ததும் கண்ட்ரோலை அழுத்திப் பேச்சை நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன், மீதியைக் கேட்க வேண்டியதே இல்லை. பார்க்கிறவர்களுக்கும் இதுதான் நல்லது. இருபது டேப் திறந்திருந்தால் ஒவ்வொன்றிலும் முதல் சில எழுத்துதானே தெரியும்? எல்லாமே கடைப் பெயராக ஆரம்பித்தால் அவர்களுக்கும் எது எதுவென்று தெரியாது.

இப்போது ஆர்டர் போடும்போது எனக்குக் கேட்பது இது. முகப்புப் பக்கம்: "காப்பித்தூள், வற்றல், அப்பளம்", பிறகு கடைப் பெயர், மாட்டுங்கா. பட்டியல்: "காப்பித்தூள் வகைகள், 9 பொருட்கள்." என்னுடையது: "பீபெரி 80, சிக்கரி 20, காப்பித்தூள்." கூடை: "உங்கள் கூடை, 3 பொருட்கள்." முகவரிப் பக்கம்: "முகவரி, 3 படிகளில் 2." எந்த இடத்தில் எழுந்து போய்க் குக்கரை இறக்கிவிட்டு வந்தாலும், இன்சர்ட், டி, அவ்வளவுதான். விட்ட இடம் தெரிந்துவிடும்.

இந்த முகவரிப் படிகளில் அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை இருந்தது. ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பக்கம் புதிதாக ஏறுவதில்லை, உள்ளே இருப்பது மட்டும் மாறுகிறது. இந்தக் காலத்துத் தளங்கள் நிறைய இப்படித்தான். கண்ணுக்கு மாற்றம் தெரியும். ஆனால் புதுப் பக்கம் வரவில்லை என்பதால் ஸ்க்ரீன் ரீடர் வாயே திறக்காது. பொத்தானை அழுத்திவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையோ என்று மறுபடியும் அழுத்துவேன். அவள் ஒவ்வொரு படியிலும் டைட்டிலை ஸ்கிரிப்டில் மாற்றிவிட்டு, அதோடு நிறுத்தாமல், ஃபோகஸை, அதாவது விசைப்பலகை அந்த நேரத்தில் நிற்கிற இடத்தை, அந்தப் படியின் தலைப்புக்கு நகர்த்தினாள். டைட்டில் மட்டும் மாறினால் அது தானாக வாசிக்கப்படும் என்று நம்ப முடியாது. ஃபோகஸும் நகர்ந்தால் கட்டாயம் குரல் வரும். இரண்டும் சேர்ந்து இருப்பதால் இந்தத் தளத்தில் நான் எதையும் இரண்டு தடவை அழுத்தியதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது பிழைப் பக்கம். மார்ச் மாதம் ஒரு நாள், அவசரத்தில் எங்கள் பின்கோடு 400022-இல் ஒரு சைபரை விட்டு ஐந்து இலக்கம் அடித்துவிட்டேன். அடுத்து என்பதை அழுத்தியதும் கேட்டது: "பிழை, பின்கோடு 6 இலக்கம் வேண்டும், முகவரி." முதல் சொல்லே பிழை. நேராக அந்தக் கட்டத்துக்குப் போய்த் திருத்திவிட்டேன். மற்ற இடங்களில் இது எப்படி நடக்கும் தெரியுமா? படிவம் அப்படியே திரும்பி வரும், டைட்டில் பழையது. கட்டத்தின் பக்கத்தில் சிவப்பாக ஏதோ எழுதியிருப்பார்கள். சிவப்பு எனக்கு எப்படித் தெரியும்? படிவத்தை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுத் தேடுவேன்.

கடைசிப் பக்கம்: "ஆர்டர் உறுதியானது", அதன்பின் ஆர்டர் எண். இந்த ஒரு வரிக்கு நான் கொடுக்கும் மதிப்பை விளக்க, இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அக்கா பெண்ணின் வளைகாப்புக்குப் புனே போக, ஒரு பெரிய நிறுவனத்தின் தளத்தில் பஸ்ஸுக்கு இரண்டு இருக்கை எடுத்தேன். அந்தத் தளத்தில் தேடுகிற பக்கம், இருக்கை தேர்ந்தெடுக்கிற பக்கம், பணம் கட்டுகிற பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே டைட்டில். நிறுவனத்தின் பெயரும், குறைந்த விலையில் டிக்கெட் என்கிற வாசகமும். ஓடிபி அடித்துப் பணத்தைக் கட்டினேன். பக்கம் மாறியது. காதில் விழுந்தது முகப்புப் பக்கத்தில் கேட்ட அதே வாசகம். பணம் போகாமல் தளம் என்னை ஆரம்பத்துக்கே தள்ளிவிட்டது என்று நினைத்தேன். இதற்குமுன் பல இடங்களில் அப்படி நடந்திருக்கிறது. மறுபடியும் முதலிலிருந்து எல்லாம் செய்து, இன்னொரு தடவை பணம் கட்டினேன். ராத்திரி குறுஞ்செய்திகளைக் கேட்கும்போதுதான் நாலு இருக்கை எடுத்திருக்கிறேன் என்று தெரிந்தது. முதல் தடவை நான் நின்றுகொண்டிருந்தது உறுதிப் பக்கத்தில்தான். ரத்து செய்ததில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்கள், அதுவும் பதினோரு நாள் கழித்து. உதவி மையத்தில் பேசியவர் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால், "மேடம், ஸ்க்ரீன்ல பச்சை டிக் வந்திருக்குமே" என்றார். பணம் போனதைவிட அந்தப் பதில்தான் எனக்கு வலித்தது.

அந்தப் பக்கத்தின் டைட்டிலில் "டிக்கெட் உறுதியானது" என்று இரண்டே சொல் இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது.

இது யாரோ நேற்றுக் கண்டுபிடித்த சலுகை இல்லை. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழிக்கு 1991-இல் எழுதிய முதல் குறிப்பட்டியலிலேயே டைட்டில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் வலைத்தளங்களைப் பயன்படுத்துவதற்கான அணுகல் நெறிகளை வகுக்கும் டபிள்யூ3சி என்ற அமைப்பு, 2008-இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பில் இதை 2.4.2 என்ற எண்ணில் வைத்தது. 2018-இலும் 2023-இலும் வந்த அடுத்த பதிப்புகளிலும் எண் மாறவில்லை. ஒற்றை ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்று அந்த நெறிகளில் மூன்று படிகள் உண்டு. டைட்டில் இருப்பது ஒற்றை ஏயில். அதாவது எல்லாத் தளமும் முதலில் தாண்டவேண்டிய அடிப்படியில். அது கேட்பதும் அதிகமில்லை: பக்கம் எதைப் பற்றியது, அல்லது எதற்காக இருக்கிறது என்று டைட்டில் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணையச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்றே தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியை வங்கியில் மதிய உணவு நேரத்தில் கேட்டபோது எனக்கு அந்தப் புனே டிக்கெட் ஞாபகம் வந்தது.

அண்ணாச்சி மகளுக்கு வேறு யோசனை சொன்னவர்களும் உண்டு. டைட்டிலில் மும்பையின் சிறந்த காப்பி, பெஸ்ட் ஃபில்டர் காபி, குறைந்த விலை, ஆன்லைன் டெலிவரி என்று சொற்களை அடுக்கு, கூகுளில் மேலே வரும் என்று கூடப் படிக்கிற பையன் சொன்னானாம். என்னைக் கேட்டாள். அவ்வளவையும் நான் ஒவ்வொரு பக்கத்திலும் கேட்க வேண்டியிருக்குமே என்றேன். தேடுகிறவர்களுக்கும் தேடல் முடிவில் தெரிவது பெரும்பாலும் இந்த டைட்டில்தான், அதில் பீபெரி என்று தெளிவாக இருந்தால்தானே பீபெரி தேடுகிறவர் உள்ளே வருவார் என்றும் சொன்னேன். அவள் அடுக்கவில்லை. படக்குறிகளும் வைக்கவில்லை. காப்பிக் கோப்பைப் படம் ஒன்றை டைட்டிலில் ஒட்டினால், "சூடான பானம்" என்பதுபோல எதையாவது சொல்லிவிட்டுத்தான் வள்ளுவர் பெயருக்கு வருவார்.

இன்னொன்றும் இந்தத் தளத்தில் இல்லை, அதற்கும் நன்றி. சில கடைகளின் தளத்தை விட்டு வேறு டேபுக்குப் போனால், போன இடத்தில் நாம் இருக்கும்போது அந்த டைட்டிலை மாற்றிவிடுவார்கள்: "எங்களை மறந்துட்டீங்களா?" என்பதுபோல. நான் குரோமில் டேப் தேடும் பெட்டியைத் திறந்து, டைட்டிலில் இரண்டு எழுத்து அடித்து வேண்டிய டேபுக்குப் போகிறவள். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ. கடைக்காரர் டைட்டிலை மாற்றிவிட்டால் அந்தத் தேடலில் அது அகப்படவே அகப்படாது. கூப்பிட வேண்டும் என்று நினைத்து, என்னை வரவிடாமல் செய்கிறார்கள்.

சரி, குறைகள். கடைக்காரர் வேண்டியவர் என்பதற்காக மறைக்க மாட்டேன்.

பணம் கட்டும் இடத்தில் தளம் நம்மை வேறொரு நிறுவனத்தின் பக்கத்துக்கு அனுப்புகிறது. அங்கே டைட்டில் ஒற்றைச் சொல், எந்தக் கடைக்கு எவ்வளவு என்று அதில் இல்லை. அது கடையின் கையில் இல்லாத விஷயம். ஆனாலும் போவதற்கு முந்தின பக்கத்திலேயே "இப்போது வேறு தளத்துக்குப் போகிறீர்கள்" என்று ஒரு வரி சேர்க்கலாம். தேடல் பக்கமும் அரைகுறை. அரிசி அப்பளம் என்று தேடினாலும் "தேடல் முடிவுகள்", இல்லாத ஒன்றைத் தேடினாலும் "தேடல் முடிவுகள்". தேடிய சொல்லும், எத்தனை கிடைத்தன என்பதும் டைட்டிலில் வர வேண்டும். கிடைக்கவில்லை என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அலுவலகத்தில் இன்னொரு சிரமம். அங்கே ஆங்கிலக் குரல்தான் வைத்திருப்பேன். பக்கத்துக்குள்ளே இருப்பது தமிழ் என்று அவள் ஒழுங்காகக் குறித்திருப்பதால், உள்ளே போனதும் என்விடிஏ தானாகத் தமிழ்க் குரலுக்கு மாறிக்கொள்கிறது. டைட்டில் மட்டும் ஆங்கிலக் குரலில் மாட்டிக்கொண்டு, எண்களைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை. "80, 20" என்று மட்டும் வரும். எனக்கு அது போதும், என் காப்பிதான் என்று தெரிந்துவிடும். வேறு பொருள் என்றால் திண்டாட்டம். இதில் அவள் தவறு ஒன்றும் இல்லை. இருந்தாலும் தளத்தின் ஆங்கிலப் பகுதியில் டைட்டில்களும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், அலுவலகத்தில் அந்தப் பகுதியைத் திறந்துகொள்கிறேன்.

பெரிய குறை வற்றலில். சுண்டைக்காய், மணத்தக்காளி, மிதுக்கு, கொத்தவரங்காய் என்று நாலு வற்றல் விற்கிறார்கள், நாலுக்கும் தனித்தனிப் பக்கம். ஆனால் டைட்டில் நாலுக்கும் "வற்றல், 100 கிராம்." பட்டியலில் பெயர் என்ற இடத்தில் வற்றல் என்றும், எந்த வற்றல் என்பதை வேறொரு கட்டத்திலும் எழுதிவைத்ததால் வந்த வினை. ஜூனில் மணத்தக்காளி என்று நினைத்து நான் கூடையில் போட்டது சுண்டைக்காய். வத்தக்குழம்புக்கு இரண்டும் ஆகும்தான். ஆனால் அன்றைக்கு வாய்ப்புண்ணுக்காகத்தான் மணத்தக்காளி கேட்டிருந்தேன். அண்ணாச்சி அன்று சாயங்காலமே பையனிடம் மாற்றி அனுப்பிவிட்டார், காசு கேட்கவில்லை.

பொருளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காப்பித்தூள் ஆர்டர் வந்த அன்றைக்குத்தான் அரைக்கிறார்கள். பாக்கெட்டைத் தொட்டால் சில சமயம் இன்னும் லேசான சூடு இருக்கும். அரைவை ஃபில்டருக்குச் சரியாக இருக்கிறது. தூள் நைசாகிப் போனால் டிகாக்ஷன் இறங்காமல் நிற்கும், பதினொரு முறையில் ஒரு முறைகூட அப்படி ஆகவில்லை. அரை கிலோ 430 ரூபாய். போன மாதம்வரை 410. விலை ஏறியபோது வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினார்கள். எழுதி அனுப்பாமல் பேசி அனுப்பியது எனக்காகத்தான் என்று அப்புறம் தெரிந்தது. பாக்கெட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு போட்டு அனுப்புகிறார்கள், எங்கே கிழிப்பது என்று தடவினால் தெரியும். டெலிவரி செவ்வாயும் வெள்ளியும். மாட்டுங்கா, சயான், வடாலா, செம்பூர்வரை வருகிறார்கள், தாராவிக்குக் கேட்டால் பையன் நடந்தே கொண்டுவந்து தருகிறான். அப்பளம் மட்டும் இரண்டு தடவை உடைந்து வந்தது. அட்டைப்பெட்டி வைத்து அனுப்பலாம்.

இதை எழுத ஆரம்பித்த அன்று அண்ணாச்சி மகளிடம் வற்றல் விஷயத்தை மறுபடியும் சொன்னேன். பரீட்சை முடியட்டும் ஆன்ட்டி என்றாள். நேற்றுக் காலை, நான் குளித்துவிட்டு வருவதற்குள் இரண்டு தவறிய அழைப்பு. திருப்பிக் கூப்பிட்டேன். "நாலையும் பிரிச்சுட்டேன் ஆன்ட்டி. தொறந்து கேட்டுப் பாருங்க, நான் லைன்லயே இருக்கேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, நாலு டேப் திறந்தேன். கண்ட்ரோல், டேப். "சுண்டைக்காய் வற்றல், 100 கிராம்." கண்ட்ரோல், டேப். "மிதுக்கு வற்றல்." அந்தப் பக்கம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "கொத்தவரங்காய் வற்றல்." நாலாவது, "மணத்தக்காளி" என்று ஆரம்பித்ததுமே கண்ட்ரோலை அழுத்தி நிறுத்திவிட்டேன். "கேட்டுச்சா ஆன்ட்டி?" என்றாள். இரண்டு பாக்கெட் கூடையில் போட்டுவிட்டேன், வெள்ளிக்கிழமை அப்பாவை அனுப்பச் சொல் என்றேன்.